உப்பின் மேல் ஒரு குடித்தனம்

பிள்ளை, பேசாலையில் தனிக்குடித்தனம் வைக்கப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பிரிட்ஜ், வோஷிங் மெஷின், தண்ணீர் மோட்டர் எல்லாம் வந்து இறங்கிவிட்டதாம். நல்லது. பூமிக்குப் பாரமில்லாமல் ஒரு வீட்டை நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்டிருந்தாய். கைபேசியில் அதற்கு எத்தனையோ பட்டியல் இருக்கிறது, ஆனால் எல்லாம் பனி பெய்கிற ஊருக்கு எழுதியதுபோல் இருக்கிறது என்றும் சொன்னாய். எனக்குப் பனியும் தெரியாது, பட்டியலும் தெரியாது. இந்த மணலும் இந்த இரண்டு கடலும்தான் தெரியும். நினைவு வந்த ஒழுங்கில் இலக்கம் போட்டுத் தருகிறேன். முதலாவது மட்டும் உண்மையிலேயே முதலாவது.

1. கிணற்றை அறிந்துகொள். மாமியாரை அறிவதற்கு முன்னாலேயே அறிந்துகொள் என்றுகூடச் சொல்வேன். நம் மன்னார்த் தீவில் ஆறு இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம். தண்ணீர் படித்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 அடி நின்றால், அது கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்குமாம். மேலே 1 அடியை இறைத்து எடுத்தால், கீழேயிருந்து உப்பும் அந்தக் கணக்கிலேயே எழும்பப் பார்க்கும்.

என் அம்மா காலத்தில் துலாவும் பட்டையும்தான். இறைக்கிறவரின் தோள் நோகும்போது இறைப்பும் நின்றுவிடும். கிணற்றுக்கு அதுவே காவலாக இருந்தது. நாங்கள் மோட்டர் பூட்டினோம். மோட்டருக்குத் தோள் நோகாது. பங்குனி வெயிலில் தென்னைக்கும் கத்தரிக்கும் பகல் முழுக்க ஓடவிட்டோம். தொட்டி நிறைந்து வழிந்தாலும் போய் நிறுத்த ஆளில்லை. சில வருடத்தில் தேத்தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வளவு ஆச்சி கடைசிவரை வாளியால் அள்ளியவர். அவருடைய கிணறும் கரித்தது. அந்த மனுசி எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. வேலி மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது, கீழே எல்லாருக்கும் ஒரே கிணறுதான் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே மேல்தொட்டியைச் சின்னதாக வாங்கு. பெரிய தொட்டி பெரிய ஆசையைக் கொண்டுவரும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று விட்டுவிட்டு இறை; கிணறு ஊறட்டும். வாளியும் கோப்பையும் வைத்துக் குளி. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு. மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்காவது தள்ளி வெட்டச் சொல். நம்முடையது மணல் தரை, எதையும் தடுத்து வைக்காது. இடமிருந்தால் இன்னும் தள்ளலாம். கூரைத் தண்ணீரை ஒரு பீலி வைத்துத் தொட்டிக்குள் இறக்கு. 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் மழை விழுந்தால் ஏறக்குறைய 2300 லீற்றர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, இரண்டாவது மழையைப் பிடி.

2. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. நல்லது செய்ய வெளிக்கிட்டவர்களுக்கு வருகிற முதல் நோய் அவசரம். 2021 மே மாதத்தில் இனி இரசாயன உரம் நாட்டுக்குள் வராது என்று திடீரென்று வர்த்தமானி வந்ததே, அப்போது நீ படித்துக்கொண்டிருந்தாய். கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்கிற நம் உறவுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சேதனப் பசளை கூடாது என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. மண்ணைப் பழக்கக் காலம் வேண்டும், பசளை செய்யக் காலம் வேண்டும் என்றார்கள். நாடு முழுக்க விளைச்சல் விழுந்தது. வருடம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இயற்கைப் பசளை என்று வாய் திறந்தாலே சிரிக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். அவசரத்தில் செய்த நன்மை, பொறுத்துச் செய்திருக்கக்கூடிய நன்மையையும் கெடுத்துவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு பழக்கம் போதும். அது கைக்கு வந்து, நீ அதை மறந்தே செய்யத் தொடங்கிய பிறகு அடுத்ததை எடு. நாளைக்கு உனக்குக் குழந்தை பிறக்கும். பகலில் துணி கட்டு, இரவில் பம்பஸ் போடு. அதற்காக யாரிடமும் வெட்கப்படாதே. நித்திரை இல்லாத தாயிடம் பூமியும் கணக்குக் கேட்காது. பாவித்ததைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் புதைக்காமல் இருந்தால் போதும்.

3. வெட்கத்தை விடு. இந்த வேலைகளில் கையைவிட முகம்தான் அதிகம் கஷ்டப்படும். சந்தைக்குப் பனையோலை உமலைக் கொண்டுபோகலாம். மீன் நீர் ஓலை வழியே வடிந்துவிடும், கழுவிக் காயப்போட்டால் மறுநாளைக்கு ஆயத்தம். ஆனால் நம் வீட்டுப் பெண்ணொருத்தி உமலை ஒரு சொப்பிங் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனதை நானே பார்த்தேன். வங்கியில் வேலையாம், யாராவது கண்டால் என்ன நினைப்பார்களாம். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், நீ கண்டுபிடித்துவிடுவாய்.

சட்டம் வராமல் இல்லை. லஞ்சீட்டையும் ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் 2017 செப்டெம்பரில் தடுத்தார்கள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழல், மாலை, இடியப்பத் தட்டு என்று இன்னொரு பட்டியல் வந்தது. இடியப்பத் தட்டுக்குப் பிளாஸ்டிக் கூடாது என்று வர்த்தமானி சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஈர்க்கிலும் பிரம்பும் எங்கே போயின? சட்டம் கடைக்காரனுக்கு வரும். நீ கையை நீட்டி வாங்குகிறபோது அந்த இடத்தில் சட்டம் நிற்காது, நீதான் நிற்பாய். ‘பை வேண்டாம் அண்ணை’ என்று சொல்லப் பழகு. முதல் நாள் வாய் உலரும். பிறகு அந்த அண்ணையே உன்னைக் கண்டதும் உமலுக்காகக் கையை நீட்டுவார்.

ஓலை பின்னுகிறவர்களிடம் பேரம் பேசாதே, பிள்ளை. ஒரு கடகம் இழைக்க ஓலை வெட்டி, காயவைத்து, கிழித்து, வார்ந்து எடுக்க வேண்டும். ஏசி போட்ட கடையில் விலை கேட்காமல் வாங்குகிறவர்கள் ஓலைக்காரியிடம் மட்டும் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறார்கள்.

4. ‘வெளியே’ என்று ஓர் இடம் இல்லை. குப்பையை வெளியே எறி என்று சொல்கிறோம். தீவில் வெளியே என்றால் எங்கே? வடக்கே எறிந்தால் வடகடல், தெற்கே எறிந்தால் தென்கடல். நடுவில் எறிந்தால் கழுதை தின்னும். நம் கழுதைகள் ஒரு காலத்தில் வியாபாரிகளுக்குப் பொதி சுமந்தவை. இன்று சொந்தக்காரன் இல்லாமல் மன்னார் தெருவில் திரிகின்றன. கட்டி எறிந்த சாப்பாட்டுப் பையை அவற்றுக்கு அவிழ்க்கத் தெரியாது, பையோடு தின்னும். சோறு செரிக்கும், பை வயிற்றிலேயே கிடக்கும். மாட்டுக்கும் இதே கதிதான்.

2017 சித்திரை வருடப்பிறப்பு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகள் புதைந்தன, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த வீடுகள். அந்த மலையை யாரும் வேண்டுமென்று கட்டவில்லை. ஒவ்வொரு குசினியிலிருந்தும் ஒரு கைப்பிடி போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். நாட்டில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் மக்கிப்போகிற சாமான். ஆகவே உன் வீட்டுக் குப்பையில் பாதியை உன்னால் வளவிலேயே முடித்துவிட முடியும். ஒரு குழி வெட்டு. தோலும் கழிவும் போட்டு, மேலே சருகு, அதன் மேல் மண். மீன் செதிலும் குடலும் என்றால் ஒரு முழம் ஆழமாகப் போட்டு மூடு. இல்லாவிட்டால் நாயும் காகமும் உன் வீட்டுக் கறியை ஊருக்கே அறிவித்துவிடும். கரையில் ஒதுங்குகிற சாதாளையை மழையில் ஒருமுறை கழுவவிட்டுச் சேர்த்தால் தென்னைக்கு நல்லது.

பிளாஸ்டிக்கை எரிக்காதே. பின்னேரமானால் வீட்டுக்கு வீடு ஒரு புகை எழும்பும், பார்த்திருப்பாய். வளவைச் சுத்தமாக வைத்திருப்பவள் என்று பெயர் எடுக்கத்தான் எரிக்கிறார்கள். அந்தப் புகை முதலில் போவது திண்ணையில் படுத்திருக்கிற கிழவியின் நெஞ்சுக்குள். கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வை, எடுக்க ஆள் வரும்வரை. வளவின் மூலையில் ஒரு சாக்குக் கிடந்தால் உன் மானம் போகாது.

5. மீதமில்லாமல் சமைக்கப் பழகு. புதுப் பெண்கள் எல்லாரும் அதிகமாகச் சமைப்பார்கள், போதாமல் போய்விடுமோ என்ற பயம். பசித்து வந்த விருந்தாளிக்குக் கொடுக்க இரண்டு முட்டையும் ஒரு துண்டு கருவாடும் வீட்டில் இருந்தால் அந்தப் பயம் போய்விடும். பழஞ்சோற்றுக்கு மோர் ஊற்றி, வெங்காயம் போட்டுக் கரைக்கத் தெரிந்தவளுக்குப் பிரிட்ஜ் சின்னதே போதும்.

6. காற்றையும் மின்சாரத்தையும் ஒன்றாக நினைக்காதே. தென்கரையில் 30 காற்றாலை நிற்கிறது, தம்பபவனி என்று பெயர், 100 மெகாவாற்று, 2020 டிசம்பரில் திறந்தார்கள். கண்ணுக்கு முன்னால் சுழல்கிறபடியால் நம் ஊரில் பலர் கரண்ட் நம் முற்றத்தில் விளைகிறது என்று நினைத்துவிட்டார்கள். அது நாட்டின் பொதுக் கம்பியில் சேர்ந்து எங்கெங்கோ போகிறது. நீ மறந்துபோய் விட்டுவிட்டு வந்த மின்விசிறிக்கு இதே மேற்குக் கரையில் தெற்கே நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிகிறது.

யன்னல்களைத் திற. சோளகம் வருகிற பக்கத்துக்கு ஒன்று, எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று. காற்றுக்கு வரவும் வழி வேண்டும், போகவும் வழி வேண்டும். வாடை தொடங்கியதும் வடக்கு யன்னலைப் பாதியாகச் சாத்து. இப்போது கட்டுகிற வீடுகளில் யன்னலுக்கு எதிரே அலுமாரியை வைத்து மறைத்துவிட்டு, பிறகு ஏசிக்காரனைக் கூப்பிடுகிறார்கள். மின்சாரக் கட்டணப் பட்டியலையும் நீயே வாசி, கணவனிடம் கொடுத்துவிடாதே. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிற்றிலிருந்தே கூடும். மாதத்தின் நடுவில் ஒருமுறை மீற்றரைப் பார்க்கிற வீடு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்.

7. அடுப்பை இடிக்காதே, ஆனால் அதைக் கும்பிடவும் வேண்டாம். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வெயிலில் வரிசை நின்றோம். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. விறகடுப்பை இடித்துவிட்டு மாபிள் போட்ட வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குச் சட்டியோடு வந்தார்கள். எங்களிடம் பாளை இருந்தது, மட்டை இருந்தது, கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற ஊமல் ஒரு கடகம் இருந்தது. ஊமலைப்போல் நின்று எரிகிற விறகு வேறில்லை. எரிந்த கரியில் பல்லும் விளக்கினோம்.

அதற்காகப் பழைய அடுப்பே சொர்க்கம் என்று யாராவது எழுதினால் நம்பாதே. என் அம்மா சாகும்வரை இருமினாள். குனிந்து ஊதிய பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அந்த அடுப்பு தின்றது. ஆண்கள் அந்தப் புகையை மணம் என்றார்கள், அவர்கள் திண்ணையில் இருந்தார்கள். நீ காஸில் சமை. பயறையும் கடலையையும் முதல்நாளே ஊறவை, சட்டியை மூடு, கறி கொதித்ததும் நெருப்பைக் குறை. வெளியே கொட்டிலில், புகைபோக்கி வைத்து, ஒரு விறகடுப்பும் இருக்கட்டும். நெல்லவிக்க, கிழங்கவிக்க, நாடு கவிழ்ந்தால் சோறாக்க.

8. ஏராளமாக இருப்பதைப் பார்த்தால் பயப்படு. இது விளங்க வயதாகும். என் சின்ன வயதில் ஆவுளியா இறைச்சி, அதுதான் கடற்பசு, கரையில் கூறு போட்டு விற்றார்கள். ருசியைப் பற்றிச் சொல்லமாட்டேன், உனக்கு ஆசை வரக்கூடாது. அது எப்போதும் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இன்று அதைத் தொடுவது குற்றம். தொட அகப்படுவதும் அரிது. அதற்கு முன் முத்து. அரிப்பு, மறிச்சுக்கட்டிப் பக்கத்தில் சலாபம் நடந்தபோது கடலோரத்தில் ஒரு நகரமே முளைக்குமாம். 1906 இல் வெள்ளைக்காரன் முத்துப் பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தான். 1907க்குப் பிறகு பல வருடம் குளிக்கச் சிப்பி இல்லை. கம்பனியும் குத்தகைக் காலத்தை முடிக்கவில்லை.

நீ மீன்காரக் குடும்பத்தில் வாழப்போகிறாய், ஆகவே உனக்கு இதில் வாய் உண்டு. மலிந்த காலத்தில் மலிந்த மீனை வாங்கு: சூடை மலிந்தால் சூடைக் குழம்பு, கீரி மலிந்தால் கீரி. மிஞ்சினால் கருவாடு போடு. வருடம் முழுக்க விளைமீனும் பாரையும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே. விரல் நீளக் குஞ்சைக் கூறு போட்டு விற்றால் வாங்காதே. வாங்குகிறவள் இல்லாவிட்டால் வலைக்கண் தானாகப் பெருக்கும். தங்கூசி வலை தடை, ஆனாலும் சில படகில் போகிறது. உன் வீட்டுப் படகில் போகவேண்டாம் என்று சொல். எந்த வலை கிழிந்தாலும் கிழிசலைக் கடலில் வெட்டிவிடாமல் கரைக்குக் கொண்டுவரச் சொல்; கடலில் விட்ட வலை ஆளில்லாமலே மீன் பிடிக்கும், அந்த மீன் யாருக்கும் கறியாகாது. சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதே, வள்ளம் கரை ஏறிய கையோடும் சொல்லாதே. வலை பொத்துகிறபோது பக்கத்தில் இருந்து சொல்.

9. இல்லாமையைப் புகழாதே, ஆனால் அது கற்றுக்கொடுத்ததை எறியாதே. 1990 இல் போருக்குப் பயந்து நாங்கள் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். அதே வருடம் ஐப்பசியில் எருக்கலம்பிட்டி, தாராபுரத்துச் சனம் கட்டின துணியோடு தீவைவிட்டே போகவேண்டி வந்தது. கற்பிட்டி, புத்தளம் என்று போனார்கள். எங்களுக்கு மண்டபம் முகாமில் ஓர் அறை, இரண்டு சட்டி, ஒரு பாய். பெருநிலத்தில் நின்றுவிட்ட உறவினர், சாமான் தடைப்பட்ட அந்தக் காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு விளக்கெரித்தார்கள், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் துணி தோய்த்தார்கள். இன்று சிலர் அதையெல்லாம் சிக்கன வாழ்க்கை என்று மேடையில் பாராட்டுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். அது சிக்கனம் இல்லை, பறிப்பு. பிள்ளைகள் வெளிச்சமில்லாமல் படித்தார்கள்.

ஆனால் ஒன்று மிஞ்சியது. ஒரு சாமானைக் கையில் எடுத்தால் ‘இது எதற்கு?’ என்று மனம் கேட்கும் பழக்கம். அந்தக் கேள்வியை உனக்குச் சீதனமாகத் தருகிறேன். கைப்பிடி கழன்ற சட்டியைத் தட்டி எடு, பிய்ந்த செருப்பைத் தை, பழைய சேலையைக் குழந்தைக்கு ஏணையாக்கு. உடைந்ததைத் திருத்துகிற ஆள் உன் தெருவில் யார் என்று குடிவந்த முதல் வாரத்திலேயே விசாரித்து வை. அவருக்கு வேலை இருக்கும்வரைதான் அவர் தெருவில் இருப்பார். மடுத் திருவிழாவுக்குக் கூடாரம் அடிக்கப் போகும்போது கோப்பையும் தட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போ. மாதாவிடம் கேட்கப் போகிற இடத்தில் குப்பையை விட்டுவிட்டு வரக்கூடாது.

10. ஒருவருக்கும் போதிக்காதே. உன் மாமியார் லஞ்சீட்டில் சுற்றித் தந்தால் வாங்கிச் சாப்பிடு, நன்றி சொல், அடுத்தமுறை உன் பாத்திரத்தைக் கொண்டுபோ. அந்த மனுசி உன்னைவிட எத்தனையோ மடங்கு குறைவாகப் பூமியைச் செலவழித்தவர். வாழ்க்கையிலேயே ஏசியில் படுக்காதவரை, நேற்று இணையத்தில் படித்துவிட்டு நீ திருத்தப் போகாதே. சுத்தமாக வாழ்கிறேன் என்ற பெருமையும் வீட்டுக்குள் சேருகிற ஒரு குப்பைதான். உன் பிள்ளைகள் நீ சொல்வதைக் கேட்கமாட்டார்கள், நீ குழாயை மூடுவதைப் பார்ப்பார்கள்.

11. வீட்டோடு நின்றுவிடாதே. ‘பெரியம்மா, பெரிய கம்பனி மணலைத் தோண்டும்போது நான் வாளியில் குளித்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டாயே, அந்தக் கேள்வி சரியான கேள்வி. 2021 இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஆயிரம் தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணி கடலில் கொட்டிக் கரையெல்லாம் ஒதுங்கியது. நாம் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று சொன்ன பைகள் எல்லாம் அதற்குக் காணாது. அதனால்தான் இரண்டும் வேண்டும். 2025 ஆகஸ்டில் மன்னாரில் காற்றாலையின் அடுத்த கட்டத்துக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் கூடியபோது நானும் போய் இருந்தேன். காற்றாலை நிலக்கரியைவிட நல்லதுதானே என்று உன் தம்பி கேட்டான். நல்லதுதான். எங்கே, எத்தனை, யாரைக் கேட்டு என்பதுதான் பேச்சு. மழைத் தண்ணீர் ஓடுகிற வழி எது, வங்காலைப் பக்கம் பூநாரை இறங்குகிற இடம் எது என்று ஊருக்குத் தெரியும். அந்த நீர்ப்பரப்பு 2010 இலேயே ராம்சார் பட்டியலில் ஏறியது.

அங்கே ஓர் அதிகாரி, நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். பெண்கள்தான் பதில் சொன்னார்கள். எந்த மாதம் எத்தனை முழக் கயிறு, எந்தக் கிணறு எப்போது கரிக்கத் தொடங்கியது என்று ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். ஆகவே நீயும் ஒரு கொப்பியில் எழுதி வை: மாதத்துக்கு ஒருமுறை கிணற்றின் ஆழம், தண்ணீரின் ருசி. கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதே.

12. பனை வை. போர்க்காலத்தில் பங்கருக்கென்று வெட்டிய பனைகளுக்குக் கணக்கில்லை, அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. கொட்டை போட்டால் காய்க்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும். ஆகவே வைக்கிறவர்கள் குறைவு. என் மாமியார் அறுபது தாண்டிய பிறகு வேலியோரம் வரிசையாகப் போட்டார். யாருக்கு மாமி என்று கேட்டேன். ‘மண்ணுக்கடி’ என்றார், வேறு விளக்கம் சொல்லவில்லை. இப்போது அந்த வரிசையின் ஓலைதான் எங்கள் வேலியும் கூரையும், அந்த மட்டைதான் விறகு.

இந்த ஆவணியில் பழம் விழும்போது நான் பேசாலைக்கு வருகிறேன். கொட்டை நானே கொண்டுவருகிறேன். பாதியைக் கிழங்குப் பாத்திக்குப் போடுவோம், மீதியை வடக்கு வேலியோரம் வைப்போம். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் மதில் கட்ட உன் கணவனை விடாதே. மண்வெட்டி உன் வீட்டில் இருக்காது என்று தெரியும், ஒன்று வாங்கி வை. புதிது வேண்டாம், பிடி மாற்றினால் போதும் என்கிற மாதிரிப் பழையது ஒன்று யாரிடமாவது கிடக்கும், கேட்டுப் பார்.